வழிக்கட்டு

அன்று கொக்கின் வலது முழங்கால் மடங்கவே மாட்டேன் என்றது. இரவெல்லாம் மழை. மழை வந்தால் அந்த மூட்டுக்குள் யாரோ உட்கார்ந்து ஜல்லி உடைப்பார்கள். கட்டிலை விட்டு இறங்கும்போது சுவரைப் பிடித்தான். செருப்பு மாட்டும்போது கதவைப் பிடித்தான். ஜீப்பில் ஏறும்போது மச்சினனின் தோளைப் பிடித்தான்.

"பேசாம லீவு போடுங்க மாமா. நிக்கத்தான் கொக்குக்கு ஒரு கால் போதும். ஏறி இறங்க ரெண்டு வேணும்ல?" என்றான் மச்சினன்.

"வாயை மூடுறா. நான் லீவு போட்டா நீ கட்டுற லட்சணத்தை எவன் பாக்கறது?"

கொட்டகையில் எல்லோருக்கும் அவன் கொக்குதான். நெட்டை உடம்பு, முன்னால் நீண்ட கழுத்து, நோகாத காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு ஒரே இடத்தை வெறித்தபடி நிற்கிற பழக்கம். அப்படி வெறிப்பதற்குத்தான் சம்பளமும். ராணுவ விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக் கீழே தள்ளுகிற சாமான்களை, அது அரிசி மூட்டையோ டீசல் பீப்பாயோ, தள்ளுவதற்கு முன்னால் ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. கட்டியவன் பார்க்கக் கூடாது, பார்ப்பவன் கட்டக் கூடாது. அதுதான் முதல் விதி. மச்சினன் கட்டுகிறவன். கொக்கின் பெண்டாட்டிக்குத் தம்பி. வேலைக்குச் சேர்த்துவிட்டதும் கொக்குதான். ஒரே அடுப்பில் வெந்த சோற்றைத்தான் இரண்டு பேரும் தின்றார்கள். அதைக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

விதியில் இல்லாத இன்னொன்றும் அங்கே உண்டு. கொட்டகையிலிருந்து ஓடுபாதைக்குப் போகிற ரோடு குண்டும் குழியுமானது. லோடின் தலையில் குடைப்பைகள் உட்கார்ந்திருக்கும். பாராசூட்டை அங்கே குடை என்றுதான் சொல்வார்கள். லாரி குலுங்குகிற குலுக்கலில் அந்தப் பைகள் சரிந்துவிடும். அதனால் பையை லோடோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிவிடுவார்கள். அதற்கு வழிக்கட்டு என்று பெயர். வழிக்கு மட்டும் கட்டு. விமானத்தில் ஏற்றியதும் அறுத்துவிட வேண்டும். அறுக்காமல் விட்டால் வானத்தில் பை எழும்பாது, குடை விரியாது. ஆகவே வழிக்கட்டு எப்போதும் சிவப்புக் கயிறு. சிவப்பு தெரிந்தால் அறு. தெரியவில்லையென்றால் கட்டு இல்லை. எந்தப் புத்தகத்திலும் எழுதாத இந்தப் பழக்கம் கொட்டகைக்காரர்களின் கண்ணில் ஊறிப்போயிருந்தது.

அந்த வாரம் சிவப்புக் கயிறு தீர்ந்துவிட்டது.

"வெள்ளைதான் இருக்கு மாமா. கட்டவா?"

கொக்கு மழையைப் பார்த்தான். லாரி உறுமிக்கொண்டு நின்றது. வாசலில் கொட்டகை மேஸ்திரி, "அங்க என்னடா முகூர்த்தமா பாக்கறீங்க?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"கட்டுடா. ஏத்தினதும் மறக்காம அறுத்துடு. இன்னைக்கு ஒரு நாள்தானே" என்றான் கொக்கு.

லோடு தண்ணீர்ப் பீப்பாய்கள். அதற்கு இரண்டு குடை. விமானத்துக்குள் தள்ளி ஏற்றியதும் மச்சினன் மேலே ஏறி முதல் பையின் கயிற்றை அறுத்தான். அதற்குள் கீழே சங்கிலி இழுக்க ஆள் போதவில்லை என்று விமானத்துக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார். மச்சினன் குதித்து ஓடினான். சங்கிலியை இழுத்து முடித்தவன் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

பிறகு கொக்கின் முறை. லோடின்மேல் ஏறி, ஒவ்வொரு பையையும் கண்ணால் பார்த்துக் கையால் தொட வேண்டும். கொக்கு வலது காலைத் தூக்கி லோடு நிற்கிற தளத்தின் விளிம்பில் வைத்தான். முழங்கால் வீரிட்டது. காலை இறக்கிக்கொண்டான். கீழே நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தான். வெள்ளைப் பைகள் இரண்டு. சிவப்பாக எதுவும் கண்ணில் படவில்லை.

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

செய்தி வந்தபோது கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு குடை விரியலை. லோடு ஒரு பக்கமா சாஞ்சு காத்துல ஒதுங்கி, சாமான் விழற மைதானத்து ஓரத்துல நின்ன லாரி மேல இறங்கிடுச்சு. டிரைவர் உள்ள உக்காந்திருந்திருக்கான்."

"உசுரு?"

"உசுரு இருக்கு. ஒரு கால் இல்ல."

கொக்கு டீயைக் கீழே வைத்தான். அந்த வெள்ளைப் பைகளைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். ஒன்றின் மேல் கயிறு இருப்பதுபோலும் இருந்தது, இல்லாததுபோலும் இருந்தது. பார்க்காததை ஞாபகப்படுத்திக்கொள்ள யாராலும் முடியாது.

மேஸ்திரி விதியை ஒப்பித்தார். முதலில் தொலைபேசியில் மேலே சொல்ல வேண்டும், எழுத்து பிறகு. விழுந்த இடத்தில் ஆளைக் காப்பாற்றுவதற்குத் தவிர வேறு எதற்கும் ஒரு விரல் படக் கூடாது. விசாரிக்க வருகிறவர் வெளி ஆளாக இருப்பார். அவர் வந்து பார்க்கிறவரை லோடு விழுந்தபடியே காவலோடு கிடக்கும். அந்த லோடில் கைவைத்தவன், கையெழுத்துப் போட்டவன் எவனும் கொட்டகைக்குள் நுழையக் கூடாது.

"நீ வீட்டுக்குப் போ கொக்கு. கூப்பிட்டா வா. நீ பாத்த லோடு, உன்மேல ஒண்ணும் வராது. ஏதோ மடிப்புல கோளாறா இருக்கும்" என்றார்.

தன்மேல் ஒன்றும் வராது என்று அவர் சொன்னதுதான் கொக்குக்கு அதிகப் பயமாக இருந்தது.

சாயங்காலம் மச்சினன் வந்தான். விழுந்த சாமானைச் சேகரிக்கிற கூட்டத்தில் அன்று மைதானத்தில் அவனுக்கு வேலை. வந்தவன் கை கால் கழுவவில்லை. அக்கா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தான்.

"கயிறு இருந்துச்சு மாமா" என்றான்.

கொக்கு கதவைச் சாத்தினான்.

"ரெண்டாவது பை. நான் அறுக்கலை. சங்கிலி இழுக்கக் கூப்பிட்டானுங்கல்ல, அதோட மறந்துட்டேன்."

"கயித்தை யாராவது பாத்தாங்களா?"

மச்சினன் கால்சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தான். முழ நீள வெள்ளைக் கயிறு, ஒரு முனையில் முடிச்சு, மறுமுனையில் புதிதாக அறுத்த பிசிறு.

"டிரைவரைத் தூக்க எல்லாரும் லாரிப் பக்கம் ஓடினாங்க. நான் லோடுப் பக்கம் ஓடினேன். கத்தியை விட்டு ஒரே இழுப்பு. யாரும் பாக்கலை."

"ஏன்டா தொட்டே? அறிவு கெட்டவனே, ஏன்டா அதைத் தொட்டே?"

"உங்க கையெழுத்துல்ல இருக்கு அதுல! அறுக்காம விட்டது நான்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா கட்டு இல்லைன்னு விரலைத் தூக்கினது நீங்க. உங்களைத்தானே முதல்ல தூக்குவாங்க? உங்களுக்காகத்தான் மாமா அறுத்தேன்."

கொக்கு அவனை அடிக்கக் கை ஓங்கினான். கை பாதியில் நின்றது. பயத்துக்கு அடியில், சாக்கடைக்கு அடியில் ஓடுகிற தண்ணீர் மாதிரி, ஒரு நிம்மதி ஓடியதை அவன் உணர்ந்தான். கயிறு இல்லை. இனி யாராலும் எதையும் காட்ட முடியாது. ஓங்கிய கையை இறக்கிக்கொண்டான்.

மச்சினன் கயிற்றைக் கக்கூசில் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது. மறுபடியும் கேட்டது. பிறகு கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டினான்.

"போக மாட்டேங்குது மாமா. சுத்திச் சுத்தி மேலயே வருது."

"பிளாஸ்டிக்டா அது. மிதக்காம என்ன பண்ணும்?"

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரு கயித்தை ஒளிக்கத் துப்பு இல்ல, நீங்க ராணுவத்தைக் காப்பாத்தப் போறீங்க" என்றாள் கொக்கின் பெண்டாட்டி. துடைப்பக் குச்சியால் கயிற்றைத் தூக்கினாள். கொல்லையில் பழைய தகர டப்பாவில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தாள். கயிறு சுருண்டு, உருகி, கறுப்பாகச் சொட்டியது. நாற்றம் மூக்கைப் பிய்த்தது.

பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னம்மா எரியுது?" என்றாள்.

"ஓட்டை பிளாஸ்டிக் வாளி" என்றாள் அவள், குரல் கொஞ்சமும் ஆடாமல்.

மறுநாள் விசாரணை அதிகாரி வந்தார். நடுத்தர வயது அம்மாள். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. வந்ததும் யாரிடமும் பேசவில்லை. மைதானத்துக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, விரியாத குடையைத் தரையில் பரப்பி அதன் துணிமேல் வெறுங்காலோடு நடந்து பார்த்தாராம். பிறகு எல்லோரையும் அழைத்து உட்காரவைத்தார்.

"நான் யாரையும் தண்டிக்க வரலை. அடுத்த லோடு இப்படி விழக் கூடாது, அதுக்குத்தான் வந்திருக்கேன். தப்பாக் கட்டிட்டேன், சரியாப் பாக்கலைன்னு ஒருத்தர் என்கிட்ட சொன்னா, அந்த வார்த்தை என் அறையைத் தாண்டாது. அதை வச்சு எந்தக் கோர்ட்டும் உங்களைக் கூப்பிட முடியாது. அதுதான் விதி." கைக்குட்டையில் தும்மினார். "ஆனா விழுந்த இடத்துல ஒரு நூலை நகர்த்தியிருந்தாலும் அது தப்பு இல்ல, குற்றம். அதை நான் மறைக்க முடியாது. மறைச்சா நானும் உள்ள போவேன். அதனால யோசிச்சுப் பேசுங்க."

கொக்கு பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஏறாமல் விட்டது தப்பு. கயிற்றை அறுத்தது குற்றம். தப்பு அவனுடையது, அது அறையைத் தாண்டாது. குற்றம் மச்சினனுடையது, அதற்கு மறைப்பே கிடையாது. இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த மச்சினன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த வித்தியாசம் புரிந்த மாதிரி தெரியவில்லை.

வெளியே குழாயடியில் மடிப்பக்கா நின்றிருந்தாள். கொட்டகையில் நீள மேசைபோட்டுக் குடைகளை மடித்துப் பைக்குள் வைக்கிறவள். வாய் நீளம், கை அதைவிட வேகம். விரியாத குடை அவள் மடித்தது. அவள் மடித்து வைத்திருந்த மற்ற குடைகளையெல்லாம் ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அவளுடைய மேசையையே கயிறு கட்டி மறித்திருந்தார்கள்.

"ஏன்டா கொக்கு, பொணம் மாதிரி வெளுத்துப்போயிருக்க? வேலை போகப்போறது எனக்குடா" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணிக்கொண்டது. "பை வாயில நான் தப்பா நூல் போட்டுட்டேனாம். மேஸ்திரி சொல்றாரு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சுடா. ராத்திரி பூரா படுத்துக்கிட்டு வெறுங்கையால மடிச்சு மடிச்சுப் பாத்தேன். எங்க தப்பு பண்ணினேன்னு தெரியலை."

"நீ ஒண்ணும் தப்பு பண்ணியிருக்க மாட்டேக்கா."

"நீதான் ஏறித் தொட்டுப் பாத்தவன். பை வாய் எப்படி இருந்துச்சு, சொல்லு."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் கொக்கு.

"அதை அப்படியே அந்தம்மாகிட்ட சொல்லிடு. என் வயித்துல பாலை வார்த்தடா." அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போனவை. கொக்கு கையை உருவிக்கொண்டு நடந்தான். மடியில் கனம் இருப்பவனுக்கு வழியெல்லாம் பயம் என்பார்கள். அவனுக்கு வழியே இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது.

உள்ளே நுழையக் கூடாது என்பதால் கொட்டகை வாசலிலேயே நின்று மேஸ்திரியைக் கூப்பிட்டான். உள்ளே இரண்டு லோடு தயாராக நிற்பது தெரிந்தது.

"லோடு போட விட்டுட்டாங்களா?"

"மத்தவங்க மடிச்ச குடைன்னா போடலாம்னு மேலேருந்து உத்தரவு. ஆத்துக்கு அந்தாண்ட முகாம்ல வெள்ளத்துல மாட்டிக்கிட்டவங்க வயித்துல ஈரத்துணி போட்டுக்கிட்டு கிடக்கறாங்கப்பா. நாளைக் காலையில ரெண்டும் போகுது."

"வழிக்கட்டு எதுல போட்டிருக்கு?"

"வெள்ளையிலதான். சிவப்பு வந்தாத்தானே?"

"விமானத்துல ஏத்தினதும் மேல ஏறித் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க அண்ணே. கீழேருந்து பாத்தாத் தெரியாது."

மேஸ்திரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏறாம எவன்டா பாக்கறான்? ஏன், நீ ஏறலையா?"

கொக்கு நோகாத காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டான்.

"ஏறினேன்."

"அப்புறம் என்ன? வீட்டுக்குப் போய்க் கால்ல தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டுப் படு."

வீட்டுக்கு நடக்கும்போது முகாம்காரர்கள் கண்முன் வந்தார்கள். பசித்தவன் லோடு விழுகிற எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்க மாட்டான். மேலே விமானச் சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடிவருவான். வெள்ளைப் பையின் மேல் ஒரு வெள்ளைக் கயிறு. அதைக் கீழே நின்று பார்த்துக் கட்டைவிரலைத் தூக்குகிற இன்னொருவன். அவனுக்கு முழங்கால் வலிக்க வேண்டியதுகூட இல்லை. மழை போதும், அவசரம் போதும்.

சோறு போட்டுவிட்டுப் பெண்டாட்டி எதிரே உட்கார்ந்தாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நாளைக்கு உங்களைக் கூப்பிடறாங்களாமே?"

"ம்."

"என்ன சொல்லப்போறீங்க?"

அவன் பிசைவதை நிறுத்தினான். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. சோற்றுக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதைக் கேளுங்க. எங்கம்மா போனப்ப அவனுக்குப் பல்லுகூட முளைக்கலை. என் இடுப்புலதான் வளந்தான். மடிப்பக்கா பாவம்தான், இல்லைங்கலை. அவங்களுக்கு வேலை போகும், அவ்வளவுதான். இன்னொரு வேலை கிடைக்கும். இவன் உள்ள போனா வெளிய வர்றப்ப இவனா இருக்க மாட்டான்."

"அந்த டிரைவருக்கு..."

"நீங்க சொன்னா அவருக்குக் கால் முளைச்சிடுமா?"

கொக்கு எழுந்து கை கழுவினான். தட்டில் சோறு அப்படியே இருந்தது. மச்சினன் வாசலில் உட்கார்ந்து செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். சத்தமில்லாத படம். அவன் முகத்தில் நீல வெளிச்சம் மாறி மாறி அடித்தது. கண் மட்டும் எதையும் பார்க்கவில்லை.

காலையில் கூப்பிட்டார்கள். அறை சின்னது. மேசைமேல் அந்தப் பை கிடந்தது, காலியாக, வாய் பிளந்து. பக்கத்தில் மைதானத்தில் எடுத்த படங்களைப் பரப்பியிருந்தார்கள். ஜன்னல் வழியே கொட்டகையின் பின்புறம் தெரிந்தது. விசாரணை அம்மாள் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க. கால் வலியோ?"

"பழைய வலிங்க."

"கடைசியாப் பாத்தப்ப இந்தப் பையோட வாய் எப்படி இருந்தது?"

"நல்லா இருந்துச்சுங்க."

"தொட்டுப் பாத்தீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. எலும்பில்லாத நாக்கு, எப்படி வேண்டுமானாலும் வளையும். மேஸ்திரியிடம் வளைந்தது, மடிப்பக்காவிடம் வளைந்தது. அவன் வாயைத் திறந்தான்.

ஜன்னலுக்கு வெளியே லாரி உறுமியது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. லோடுகள் ஓடுபாதைக்குக் கிளம்பிவிட்டன. வண்டி முதல் குழியில் இறங்கி ஏறுகிற சத்தமும், மேலே பைகள் குலுங்கி நிற்கிற அந்த 'திம்' என்ற ஓசையும் கேட்டன. வழிக்கட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது.

"லாரியை நிறுத்தச் சொல்லுங்க" என்றான் கொக்கு.

"என்ன?"

"லாரியை நிறுத்தச் சொல்லுங்கம்மா! பை மேல கயிறு கட்டியிருக்கு. வெள்ளைக் கயிறு. கீழேருந்து பாத்தா தெரியாது. எனக்கும் தெரியலை. நான் மேல ஏறலை."

அந்த அம்மாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனை எடுத்து இரண்டே வார்த்தை சொன்னார். தூரத்தில் லாரிச் சத்தம் அடங்கியது. அதற்குப் பிறகுதான் அவன் பக்கம் திரும்பினார்.

வழிக்கட்டு, சிவப்பு, வெள்ளை, மழை, முழங்கால் எல்லாவற்றையும் கொக்கு சொன்னான். சொல்லச் சொல்ல உடம்பு லேசாவதற்குப் பதில் கனத்துக்கொண்டே போனது. அடுத்து வரப்போகிற கேள்வி அவனுக்குத் தெரியும்.

அவர் படங்களை ஒவ்வொன்றாக அவன் பக்கம் நகர்த்தினார். "நீங்க சொல்ற கயிறு இதுல எதுலயும் இல்லையே?"

கொக்கு படங்களைப் பார்த்தான்.

"கயிறு இல்லைன்னா, கயித்தால குடை விரியலைன்னு நான் எழுத முடியாது. மடிச்சதுல கோளாறுன்னுதான் எழுதணும். நிறுத்தின லாரியையும் போகச் சொல்லணும்." பேனாவை மூடிக் கீழே வைத்தார். "முதல் நாள் நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? யோசிச்சுப் பதில் சொல்லுங்க. அவசரம் இல்ல."

அவர் பேனாவை மூடியது அவனுக்குச் செய்த உபகாரம் என்று கொக்குக்குப் புரிந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். அறைக்கு வெளியே பெஞ்சில் மடிப்பக்கா இருமுவது கேட்டது.

"என் மச்சினன் அறுத்தான்" என்றான்.

அவர் பேனாவைத் திறந்தார்.

"கயிறு இப்ப எங்க?"

கொல்லையில் சுருண்டு சொட்டிய கறுப்பும், குச்சி பிடித்த கையும் கண்ணில் வந்தன.

"தெரியாதுங்க."

மச்சினனைப் பட்டப்பகலில், கொட்டகை முழுக்கப் பார்க்க, இரண்டு பேர் நடுவில் வைத்துக் கூட்டிப்போனார்கள். அவன் எதையும் மறுக்கவில்லை. கேட்டதும் ஒத்துக்கொண்டான். கொக்கைக் கடக்கும்போது நின்றான். திட்டுவான் என்று கொக்கு காத்திருந்தான்.

"அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா. வேற யாராவது சொன்னா மயங்கி விழுந்துடும்" என்றான் அவன்.

மேஸ்திரி கொக்கிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டார். ஒரே ஒருமுறை, யாரும் இல்லாதபோது, "அந்த ரெண்டு லோடையும் நாங்க அறுத்துத்தான்டா போட்டிருப்போம்" என்றார். அறுத்திருப்பார்களா இல்லையா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. வழிக்கட்டு கூடவே கூடாது என்று உத்தரவு வந்தது. ரோட்டைச் செப்பனிட ஆள் வந்தார்கள். மடிப்பக்கா தன் மேசைக்குத் திரும்பினாள். முதல் குடையை மடித்துவிட்டு, பிரித்து மறுபடி மடித்ததாகச் சொன்னார்கள். கொக்கைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவாள். ஏறித் தொட்டுப் பார்த்தவன்போல அன்று குழாயடியில் அவன் பேசியதை அவள் மறக்கவில்லை.

கொக்கின் வார்த்தை அந்த அறையைத் தாண்டவில்லை. பரிசோதகர் வேலையை மட்டும் எடுத்துவிட்டு, கிடங்கில் தார்ப்பாய் எண்ணப் போட்டார்கள். சம்பளத்தில் கை வைக்கவில்லை. ராணுவக் கோர்ட்டில் மச்சினனுக்கு இரண்டு வருஷம் போட்டார்கள்.

தீர்ப்பு கேட்டுவிட்டு வந்த அன்று பெண்டாட்டி அழவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கொக்கு நிலைப்படியில் நின்றான். உள்ளே போகப் பயமாக இருந்தது. பதினாறு வருஷம் ஒரே பாயில் படுத்தவளிடம் இப்படி ஒரு பயம் வரும் என்று அவன் நினைத்ததே இல்லை.

"அந்தம்மா கயிறு எங்கன்னு கேட்டப்ப என்ன சொன்னீங்க?" தலை நிமிராமல் கேட்டாள்.

"தெரியாதுன்னேன்."

"எரிச்சது நான்."

"ம்."

"என்னை மறைக்கத் தெரிஞ்ச வாய்க்கு அவனை மறைக்கத் தெரியலையா?"

"கயித்தாலதான் குடை விரியலைங்கறது உன் பேர் இல்லாமலே நிக்கும். அவன் பேர் இல்லாம நிக்காது."

"வெள்ளைக் கயித்துல கட்டச் சொன்னது யாரு?"

"நான்."

"ஏறிப் பாக்காம விட்டது?"

"நான்தான்."

"யாருக்காக அவன் அறுத்தான்?"

கொக்கு தரையைப் பார்த்தான்.

"இப்ப உள்ள இருக்கறது யாரு?"

வெங்காயத் தோல் காற்றில் நகர்ந்து அவன் காலடிக்கு வந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் கோபம்கூட இல்லை.

"ரெண்டு வருஷம். என் தம்பிக்கு நீங்க ரெண்டு வருஷம் தரணும்."

"தரணும்" என்றான் கொக்கு.